தி ரைட் ஸ்டஃப்: கஸ் கிரிஸ்ஸமுக்கு இந்தப் படம் நியாயம் செய்ததா?

கரிசல்காட்டான் எழுதியது:

1983-ல் வந்த ‘தி ரைட் ஸ்டஃப்’ படத்தை இந்த வாரக் கடைசியில் பார்த்து முடித்தேன். 3 மணி 13 நிமிடம் ஓடுகிறது. டாம் வுல்ஃப் எழுதிய புத்தகத்தை வைத்து ஃபிலிப் காஃப்மன் எடுத்தது. 1947-ல் அமெரிக்க விமானப்படையின் சோதனை விமானி சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டியதில் தொடங்கி, மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் அமெரிக்காவின் முதல் திட்டமான மெர்குரியின் ஏழு வீரர்களோடு பயணித்து, 1963-ல் கார்டன் கூப்பர் பூமியை 22 சுற்று சுற்றக் கிளம்புவதோடு முடிகிறது. போட்ட காசு தியேட்டரில் திரும்பவில்லை. ஆனால் ஒலி, ஒலி விளைவு, படத்தொகுப்பு, பின்னணி இசை என்று நான்கு ஆஸ்கர் வாங்கியது. நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் சத்தமாகப் போட்டுப் பாருங்கள், நான்கும் எப்படி வந்தன என்று புரியும்.

முதல் ஒரு மணி நேரத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனம், பின்னாளில் எட்வர்ட்ஸ் என்று பெயர் மாறிய மியூராக் தளம். யேகர் ராத்திரியில் குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பை முறித்துக்கொள்கிறார். எக்ஸ்-1 என்ற ராக்கெட் விமானத்தை ஓட்ட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. மேலதிகாரிகளுக்குத் தெரிந்தால் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். வலது கையை அழுத்த முடியாத வலி, அதனால் விமானத்தின் கதவைப் பூட்ட முடியாது. நண்பர் ஜாக் ரிட்லி ஒரு துடைப்பத்தின் கட்டையை ரம்பத்தால் அறுத்து, நெம்புகோலாக வைத்துக்கொள் என்று கையில் கொடுக்கிறார். சினிமாவுக்காகச் சேர்த்தது என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் நடந்தது அப்படியேதான். 1947 அக்டோபர் 14 அன்று, பி-29 விமானத்தின் வயிற்றிலிருந்து விடுபட்ட எக்ஸ்-1, சுமார் 43,000 அடி உயரத்தில் மாக் 1.06 வேகத்தைத் தொட்டது, அதாவது ஒலியைப் போல 1.06 மடங்கு.

என்னை உறுத்துவது அந்த ஏழு வீரர்களில் ஒருவரான கஸ் கிரிஸ்ஸம் வரும் பகுதி. 1961 ஜூலை 21-ல் விண்வெளிக்குப் போய்விட்டு அட்லாண்டிக்கில் இறங்குகிறார். விண்கலத்தின் கதவு திடீரென்று வெடித்துத் திறக்கிறது, தண்ணீர் புகுந்து கலமே மூழ்கிப் போகிறது. படம் அவர் மூச்சு வாங்குவதையும் பதறுவதையும் குளோசப்பில் காட்டுகிறது. பிறகு எல்லோரும் அவரைத் தோற்றுப்போனவராகவே நடத்துகிறார்கள். பார்க்கிறவர் மனசில் பதிவது ஒன்றுதான்: இந்த ஆள் பயந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

கிரிஸ்ஸம் 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ-1 தீவிபத்தில் இறந்துவிட்டார். படம் வந்தது அதற்கு 16 வருஷம் கழித்து. பதில் சொல்ல அவர் இல்லை. இது நியாயமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

வானூர்தி எழுதியது:

அண்ணே, அருமையான இழை. கிரிஸ்ஸம் விஷயத்துக்கு மத்தவங்க வருவாங்க. நான் எக்ஸ்-1 பத்திச் சொல்றேன், ஏன்னா அங்கயும் படம் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுடுச்சு.

ராத்திரி மதுக்கடையில கூப்பிட்டுக் கேக்குறாங்க, யேகர் சரின்னு சொல்றாரு, போய் ஒரே ஓட்டத்துல ஒலித்தடையை உடைக்கிறாரு. படம் பாக்குறவங்களுக்கு அப்படித்தான் தோணும். நிஜத்துல அது அவர் இன்ஜினை இயக்கி ஓட்டின ஒன்பதாவது பயணம். ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டே போனாங்க. மாக் 0.94 பக்கத்துல வந்தப்போ ஸ்டிக்கை இழுத்தா விமானம் அசையவே இல்லை. வால் இறக்கையோட பின்விளிம்புல கீல் போட்ட ஒரு பட்டை இருக்கும், எலிவேட்டர்னு பேரு. மூக்கை மேல தூக்கவும் கீழ இறக்கவும் அதுதான் வேணும். அந்த வேகத்துல அதிர்வலை சரியா அந்தக் கீல் இருக்குற இடத்துல வந்து உக்காந்துடுது. அதுக்குப் பின்னாடி இருக்குற பட்டை எவ்வளவு அசைஞ்சாலும் பலன் இல்லை. மூக்கு மேல போகுதா கீழ போகுதான்னு விமானி கையில எதுவுமே இல்லாத நிலை.

திட்டமே அத்தோட நின்னிருக்கும். ரிட்லிதான் கணக்குப் போட்டுப் பாத்துட்டு ஒரு வழி சொன்னாரு. எக்ஸ்-1-ல வால் இறக்கை முழுசையும் மோட்டார் வச்சுக் கொஞ்சமா சாய்க்க முடியும். பட்டையை விட்டுடு, மொத்த இறக்கையையும் இம்மி இம்மியா நகர்த்திப் பறன்னாரு. அது வேலை செஞ்சுது. அடுத்து எஃப்-86 போர் விமானத்துலயும் அதையே கொண்டுவந்தாங்க. இன்னிக்கு ஒலியைத் தாண்டுற போர் விமானம் எதை எடுத்தாலும் வால் இறக்கை முழுசா அசையும், இல்லேன்னா அதே வேலையைச் செய்ய வேற ஏற்பாடு இருக்கும்.

படத்துல ரிட்லி துடைப்பக் கட்டையும் சூயிங் கம்மும் குடுக்குற நல்ல நண்பர். நிஜ ரிட்லி கால்டெக்ல படிச்ச இன்ஜினியர். அவர் கணக்கு இல்லேன்னா அந்த அக்டோபர் 14 வந்திருக்காது. ‘வானத்துல ஒரு பிசாசு காவல் இருக்கு’ன்னு படம் ஆரம்பிக்குது. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பிசாசை விரட்டினது பேப்பரும் பென்சிலும்.

---

ஓய்வுபெற்ற_டெக்னீஷியன் எழுதியது:

நான் விமானப்படையில் தரைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கரிசல்காட்டான் தம்பி கேட்டதற்கு என்னால் முடிந்த விவரம்.

அந்தக் கதவைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வருஷம் மே மாதம், ஏழு பேரில் முதலாவதாக ஆலன் ஷெப்பர்ட் போன கலத்தில் சாதாரணத் தாழ்ப்பாள் கதவுதான். கிரிஸ்ஸம் போன லிபர்ட்டி பெல் 7-ல்தான் முதன்முறையாக வெடித்துத் திறக்கும் கதவு வைத்தார்கள். சுற்றிலும் 70 போல்ட். உள்ளே ஒரு குமிழ் உண்டு. அதன் மூடியைக் கழற்றி, பாதுகாப்பு முள்ளை உருவிவிட்டு, ஓங்கி அழுத்தினால் வெடிக்கும். அழுத்தியதும் அந்தக் குமிழ் பின்னுக்கு உதைக்கும். இந்த உதை முக்கியம், நினைவில் வையுங்கள்.

கடலில் இறங்கியதும் கிரிஸ்ஸம் என்ன செய்தார் தெரியுமா? தூக்க வந்த ஹெலிகாப்டரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார். சுவிட்சுகள் எந்தெந்த நிலையில் இருக்கின்றன என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். கரைக்குப் போனதும் பொறியாளர்கள் கேட்பார்கள், நினைவிலிருந்து சொன்னால் பிசகிவிடும் என்பதால் அந்த வேலை. அலையில் ஆடும் ஒரு டப்பாவுக்குள் படுத்துக்கொண்டு இதைச் செய்தவரைப் பயந்தவர் என்று நான் சொல்லமாட்டேன். அதை முடித்து, மூடியையும் முள்ளையும் எடுத்துவிட்டு, தூக்குவதற்காகக் காத்துப் படுத்திருந்தபோதுதான் கதவு பறந்தது. கடைசிவரை அவர் சொன்னது இதுதான்: நான் தொடவில்லை.

இப்போது அந்த உதைக்கு வருவோம். ஏழு பேரில் இன்னொருவரான ஜான் கிளென் பத்திரமாகத் திரும்பிக் கப்பல் தளத்தில் வைத்து இதே மாதிரிக் கதவை வெடித்துத் திறந்தார். கை முட்டியில் காயம். 1962 அக்டோபரில் மற்றொரு மெர்குரி வீரர் வாலி ஷிரா தன் பயணம் முடிந்து கப்பல் தளத்துக்கு வந்த பிறகு, வேண்டுமென்றே குமிழை அழுத்திக் கதவைத் திறந்தார். கையுறை போட்டிருந்தும் கையில் காயம் பட்டது. அந்தக் காயத்தைத்தான் அவர் எல்லோருக்கும் காட்டினார். ஏனென்றால் கிரிஸ்ஸம் திரும்பியபோது மருத்துவர்கள் சோதித்ததில் அவர் கையில் ஒரு கீறல்கூட இல்லை. கையால் அடித்துத் திறந்திருந்தால் காயம் இருந்திருக்கும். நண்பனின் பெயரைக் காப்பாற்ற ஷிரா செய்த இந்தக் காரியத்தில் ஒரு முழுக் காட்சி இருக்கிறது. படத்தில் அது இல்லை.

கலத்தை 1999 ஜூலையில் அட்லாண்டிக்கின் அடியிலிருந்து, 4.5 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து எடுத்தார்கள். பறந்துபோன கதவு மட்டும் கிடைக்கவில்லை. கிரிஸ்ஸம் நினைவுப் பொருளாகக் கொண்டுபோன சில்லறைக் காசுகள் கிடைத்தன. படத்தில் அந்தக் காசுப் பையின் கனத்தால் அவர் மூழ்கப் பார்ப்பதாகக் காட்டுகிறார்கள். அவரை மூழ்கடிக்கப் பார்த்ததில் பெரிய காரணம் வேறு. உடையில் ஆக்சிஜன் குழாய் சேரும் துளை திறந்திருந்தது, அதன் வழியே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மேலே ஹெலிகாப்டர் நீர் நிறைந்த கலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, கீழே இவர் தனியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் இன்னொரு ஹெலிகாப்டர் வந்துதான் தூக்கியது.

---

கடலோரக்காற்று எழுதியது:

டெக்னீஷியன் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் படத்தின் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் இல்லையா.

இது ஆவணப்படம் இல்லை. கிரிஸ்ஸம் கதவை அடிக்கும் காட்சி படத்தில் எங்கேயும் கிடையாது. ஃப்ரெட் வார்ட் நடித்த கிரிஸ்ஸம் ‘அதுவாகத்தான் வெடித்தது’ என்று கடைசிவரை சொல்கிறார். நாம் நம்புகிறோமா இல்லையா என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது படம்.

இன்னொன்று. ஜாக் ரிட்லி 1957-ல் ஜப்பானில் விமான விபத்தில் இறந்துபோனார். படத்தில் 1963-ல், விமானம் விழுந்து நொறுங்கிய பிறகு யேகர் எரிந்த முகத்தோடு புகைக்கு நடுவிலிருந்து நடந்து வரும்போது, மீட்கப் போகும் வண்டியில் ரிட்லி உட்கார்ந்திருக்கிறார்! தெரிந்தே செய்தது. அந்தப் பயணமும் படத்தில் யேகர் யாரையும் கேட்காமல் போய் ஏறிக்கொள்வதுபோல இருக்கும். உண்மையில் அது திட்டமிட்ட சோதனை, யேகர் அந்தப் பயிற்சிப் பள்ளியின் தலைவர். அவர் ஓட்டிய என்எஃப்-104 விமானத்தின் வாலில் கூடுதலாக ஒரு ராக்கெட் இருந்தது. படத்தில் பறக்கும் விமானத்தில் அதுகூட இல்லை. இத்தனையையும் நாம் மன்னிக்கிறோம், ஏனென்றால் அந்தக் காட்சி நம்மை எழுந்து நிற்க வைக்கிறது. அப்படியானால் கிரிஸ்ஸம் காட்சிக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

---

கரிசல்காட்டான் எழுதியது:

நல்ல கேள்வி நண்பரே. என் பதில் இது. செத்தவரை உயிரோடு காட்டினால் ரிட்லிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, மரியாதைதான் கூடுகிறது. கிரிஸ்ஸம் விஷயத்தில் ஒரு மனிதரின் பெயர் கெடுகிறது. இரண்டும் ஒன்றாகாது.

கதவை அடிப்பதைக் காட்டவில்லை என்கிறீர்கள். ஆனால் அந்தப் பதற்றத்தைக் காட்டினார்களே, அதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. உள்ளே இருந்தது அவர் ஒருவர்தான். ஐயா சொன்ன பென்சில் குறிப்பு மட்டும் சாட்சியாக இருக்கிறது, அதைக் காட்டவில்லை.

இது ஏன் நடந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். வானூர்தி தம்பி எழுதியதிலேயே பதில் இருக்கிறது. சோதனை விமானி என்றால் உள்ளுக்குள் ஏதோ ஒரு ரகசியச் சரக்கு இருக்க வேண்டும், அது சிலருக்கு உண்டு, சிலருக்குக் கிடையாது என்பதுதான் படத்தின் அடிப்படை. அப்படி ஒரு கதை சொன்னால் ‘இல்லாதவர்’ என்று காட்ட யாராவது வேண்டும். கிரிஸ்ஸம் கையில் கிடைத்தார். எக்ஸ்-1-ஐ யேகருக்கு முன்னால், அதைக் கட்டிய பெல் கம்பெனிக்காக ஓட்டிய கூட்லினும் அதே மாதிரி பணத்தாசை பிடித்தவராகச் சுருங்கிப்போனார். ஒன்பது பயணம், எலிவேட்டர், கணக்கு, பென்சில் குறிப்பு என்று வேலையைக் காட்டியிருந்தால் யாரையும் கோழையாக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. அந்த வேலையில் கிரிஸ்ஸம் கெட்டிக்காரர். நாசாவுக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் 1965-ல், மெர்குரிக்கு அடுத்து வந்த ஜெமினி வரிசையின் முதல் மனிதப் பயணத்துக்கு அவரைத் தலைவராக்கினார்கள், பிறகு அப்போலோவின் முதல் குழுவுக்கும் அவரையே. பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருந்தால் புதுக் கலத்தை அடுத்தடுத்து அவரிடம் கொடுப்பார்களா?

---

நிலாமுற்றம் எழுதியது:

இத்தனை பதிவுகளில் மனைவிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே! எனக்கு இந்தப் படம் பிடித்ததற்குக் காரணமே அவர்கள்தான்.

ஆன்னி கிளென் காட்சியைச் சொல்கிறேன். ஜான் கிளென் ராக்கெட்டில் மணிக்கணக்காகக் காத்திருந்து, பயணம் தள்ளிப்போகிறது. வீட்டு வாசலில் துணை ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், டிவி கேமராக்களோடு. ஆன்னிக்குத் திக்குவாய், கடுமையான திக்குவாய். கேமரா முன்னால் பேச முடியாது, அவரை உள்ளே விட விருப்பமில்லை. நாசா அதிகாரிகள் கிளெனைக் கூப்பிட்டு, மனைவியைச் சம்மதிக்க வைக்கச் சொல்லி நெருக்குகிறார்கள். கிளென் போனை வாங்கி, உனக்கு இஷ்டமில்லை என்றால் யாரையும் உள்ளே விடாதே, நான் உன் பக்கம் இருக்கிறேன் என்கிறார். கிளெனாக நடித்த எட் ஹாரிஸ் அதைச் சொல்லும் விதமும், ஆன்னியாக நடித்த மேரி ஜோ டெஷனல் வார்த்தை வராமல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதும்… மூன்று மணி நேரப் படத்தில் எனக்கு அதுதான் பெரிய துணிச்சல். ஆன்னி 1973-ல் தீவிரப் பேச்சுப் பயிற்சி எடுத்து, பிறகு மேடைகளிலேயே பேசினார், திக்குவாய் உள்ளவர்களுக்காக நிறைய உழைத்தார். இது படத்தில் வராது, தெரிந்துகொள்ளுங்கள்.

கஸ்ஸின் மனைவி பெட்டி கிரிஸ்ஸம் அறையில் அழுது சண்டை போடும் காட்சி எனக்கும் வலித்தது. ஆனால் கரிசல்காட்டான், அந்தக் காட்சி கஸ்ஸைக் குற்றம் சொல்வதாக எனக்குப் படவில்லை. வருஷக்கணக்காகப் பொறுத்துக்கொண்ட ஒரு பெண், பதிலுக்கு நமக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்கிறாள். ராணுவக் குடியிருப்பில் ஒவ்வொரு சைரன் சத்தத்துக்கும் நடுங்கியவள் அவள். அவள் கேட்டது நியாயமான கேள்வி.

என் குறை வேறு. ஆண்களுக்கு நடத்திய அதே மருத்துவச் சோதனைகளை ஜெரி காப் என்ற பெண் விமானி 1960-ல் லவ்லேஸ் மருத்துவமனையில் செய்து தேறினார். அவரைத் தொடர்ந்து வேறு பெண்களும் தேறினார்கள். ஜெட் விமானச் சோதனை அனுபவம் வேண்டும் என்ற விதியைக் காட்டி வாசலைச் சாத்திவிட்டார்கள், அந்த வேலையை அப்போது பெண்களுக்குக் கொடுத்ததே கிடையாது. அந்தச் சோதனைகளை இவ்வளவு நேரம் காட்டிய படத்தில் அவர்களுக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

---

வானூர்தி எழுதியது:

அக்கா, அந்த போன் காட்சி! எனக்கும் அதுதான்.

ஒரு சின்னத் தகவல்: விமானிங்க கூடுற பாஞ்சோ பார்ன்ஸ் மதுக்கடையில ஃப்ரெட்னு ஒரு வயசானவர் நின்னுட்டிருப்பாரு. அது நிஜ சக் யேகர். அவர் முன்னாடியே நடிகர் சாம் ஷெப்பர்ட் யேகரா நடிக்கிறாரு. அடுத்த தடவை கவனிங்க.

இன்னொண்ணு வருத்தமான தகவல். யேகர் எரியுற உடையோட பாராசூட்ல விழுற காட்சியைப் படமாக்குறப்போ ஒரு பாராசூட் வீரர் இறந்துபோயிட்டாரு. அதுல இருந்து அந்தக் காட்சியை என்னால பழைய மாதிரி பாக்க முடியலை.

---

ஓய்வுபெற்ற_டெக்னீஷியன் எழுதியது:

நிலாமுற்றம் அம்மா சொன்ன சைரன் விஷயம் எங்கள் குடியிருப்பிலும் உண்டு. அதை எழுத ஆரம்பித்தால் வேறு இழை வேண்டும்.

நம் நாட்டிலும் வழி இதேதான் என்பதை மட்டும் சொல்கிறேன். படம் வந்த அடுத்த வருஷம், 1984 ஏப்ரல் 3-ல் சோயூஸ் கலத்தில் போன ராகேஷ் சர்மா விமானப்படையின் சோதனை விமானி. ககன்யானுக்குத் தேர்ந்தெடுத்த நால்வரும் சோதனை விமானிகள்தான். அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சுபான்ஷு சுக்லா 2025-ல் விண்வெளி நிலையத்துக்கே போய்வந்துவிட்டார். பெங்களூரில் இதற்கென்று பள்ளி இருக்கிறது. அங்கே சொல்லிக் கொடுப்பது என்ன? ஓட்டுவதில் பாதி. மீதி எழுதுவது. ஒரு சோதனையை எந்த வேகத்தில், எந்த உயரத்தில் செய்தாய், என்ன உணர்ந்தாய், கருவி என்ன காட்டியது என்று அட்டையில் குறித்து, இறங்கியதும் பொறியாளர்களிடம் ஒப்புவிக்க வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில், இறங்கிய விமானி ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே தொடையில் கட்டிய அட்டையைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். அதனால்தான் கிரிஸ்ஸமின் பென்சில் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

---

கடலோரக்காற்று எழுதியது:

ஐயா, அந்தப் பென்சில் விஷயத்தோடு நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். படம் எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனால் அந்தக் காட்சி மட்டும் அநியாயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி. என் மகனுக்குப் பதிமூன்று வயது, ராக்கெட் பைத்தியம். காட்டலாமா?

---

நிலாமுற்றம் எழுதியது:

காட்டலாம். மருத்துவச் சோதனைக் காட்சிகளிலும் மதுக்கடையிலும் கொஞ்சம் பெரியவர்கள் பேச்சு இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். ஷெப்பர்ட் பயணம் முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை மறுநாள் போடுங்கள். ஷெப்பர்ட் உடைக்குள்ளேயே சிறுநீர் கழிக்க வேண்டி வந்த காட்சியை அவன் கண்டிப்பாக ரசிப்பான், அதுவும் நடந்ததுதான்.

---

கரிசல்காட்டான் எழுதியது:

மறுநாள் முதலில் வருவதே கிரிஸ்ஸம் பயணம்தான். போடும் முன் ஷிரா கையில் பட்ட காயத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். படம் பார்த்த பிறகு கதவு எப்படித் திறந்திருக்கும் என்று அவனையே கேளுங்கள். ஹெலிகாப்டரின் நிலைமின்சாரம் என்று ஒரு விளக்கமும் உண்டு, பையன் அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். அவன் என்ன சொன்னான் என்று இங்கே வந்து எழுதுங்கள்.